மற்ற இரண்டு முடிச்சுகள்

டேனி,

நேற்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் கல்யாண வரவேற்பில் மண்டப வாசலில் நிறுத்தப்போகும் பலகை. ஆறடி உயரம், தங்க நிறத்தில் ஒரு மரம், கிளைக்குக் கிளை நம் குடும்பத்தாரின் பெயர்கள், அடிமரத்தில் கோட்டு போட்ட என் தாத்தா சவரிமுத்து. “அப்பா, எப்படி இருக்கு? நைஸ்தானே?” என்று கேட்டிருந்தாய். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பிவிட்டு நான் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். உன் மேல் கோபமில்லை. நீ கேட்ட பெயர்களை எழுதிக் கொடுத்தவன் நான். பணி ஓய்வு பெற்ற பிறகு மூன்று வருடம் கோயில் அலுவலகங்களிலும், தேசிய நூலகத்து மைக்ரோஃபிலிம் இயந்திரத்தின் முன்னாலும் உட்கார்ந்து நான் திரட்டிய மரம் அது. அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் உண்மை. ஆனால் ஒரு பெயரை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன், அதனால் மரம் முழுவதும் பொய்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணம் சனிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, சுவா சூ காங் கல்லறையில், புதைத்த இடத்தின் தவணை முடிந்துவிட்டதால், செலினாவின் எலும்புகளைத் தோண்டி எடுக்கிறார்கள். உரிமை கோரி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரும் கோராவிட்டால் எரித்துச் சாம்பலைக் கடலில் தூவிவிடுவார்கள், உனக்கே தெரியும். நான் போகிறேன். நீயும் வர வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால், “சரி லா பா, கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசலாம்” என்பாய். அப்புறம் என்ற வார்த்தையை வைத்துத்தான் நம் குடும்பம் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறது.

செலினாவை உனக்கு நினைவிருக்கும். நம் தோ பாயோ வீட்டில், சமையலறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் பாய் விரித்துப் படுத்தவர். உன்னைத் தூக்கிக்கொண்டு கீழே விளையாட்டுத் திடலுக்குப் போனவர். மைலோவை டப்பா மூடியில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தவர். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஓரம் கறுத்த ஒரு மங்குத் தட்டில் மிச்சத்தைப் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். கோயிலிலும் கடைசி பெஞ்சுதான். அவர் யார் என்று நான் சின்ன வயதில் கேட்டபோது, “தாத்தா எடுத்து வளத்த அனாதை” என்றார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவருடைய அடையாள அட்டையைக்கூட நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதை உன் பெரியப்பாதான் தன் அலமாரியில் வைத்திருந்தார். ஒரு மனுஷியின் அட்டை இன்னொருவர் அலமாரியில் ஏன் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தாத்தாவைப் பற்றி நான் தேட ஆரம்பித்ததே வீண் பெருமையில்தான். அவர் மலாயாவில், ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்து, பிறகு சிங்கப்பூர் துறைமுகத்துக்கு மாறியவர். ‘கிராணி வீடு’ என்றுதான் கோயிலில் நம்மைச் சொல்வார்கள். நம் பழைய பங்குக் கோயில் வெளியிட்ட வைர விழா மலர் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் தாத்தாவுக்கு அரைப் பக்கம். பங்கின் தூண், ஏழைகளின் தோழர், ஆதரவற்ற பெண் குழந்தை ஒன்றைத் தன் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றிய கருணையாளர் என்று எழுதியிருக்கிறார்கள். நீ சின்ன வயதில் ‘என் குடும்பம்’ என்று தமிழ்க் கட்டுரை எழுதியபோது அந்த வரியைத்தான் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நல்ல மதிப்பெண் வாங்கி வந்தாய். இப்போது அந்த மலரைக் கையில் எடுத்தால் விரலைக் கழுவ வேண்டும்போல இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பாலம் தாண்டி ஜொகூருக்குப் போனேன். தாத்தா வேலை பார்த்த தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோயில். அங்கே ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று தனித்தனியாகப் பெரிய பெரிய பதிவேடுகள் இருந்தன. எல்லாம் லத்தீன். அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு அந்தச் சொற்கள் பழக்கம், விரல் வைத்து வாசித்துக் காட்டினார். முதலில் திருமணப் பதிவேடு. சவரிமுத்து, தோட்டக் கிராணி. மணமகள் மதலேனாள், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. எனக்குத் தெரிந்து என் பாட்டியின் பெயர் மதலேனாள் இல்லை. அவரை ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்துக் கட்டிவைத்தார்கள், அது சில வருடம் பிந்திய கதை. அடுத்தது ஞானஸ்நானப் பதிவேடு. குழந்தை செலினா. தகப்பன் சவரிமுத்து, தாய் மதலேனாள். “லெஜிட்டிமேட் டாட்டர்னு போட்டிருக்காங்க அங்கிள், முறைப்படி கல்யாணம் பண்ணிப் பொறந்த புள்ளை” என்றார் அந்தப் பெண். ஓரத்தில் ஒரு காலி இடம் உண்டு. அந்தக் குழந்தைக்குப் பிற்பாடு கல்யாணம் நடந்தால் அதை அங்கே குறிப்பார்கள். செலினாவின் ஓரம் காலியாகவே இருந்தது. அடக்கப் பதிவேட்டில் மதலேனாள் பெயர் இரண்டு வருடத்துக்குள் வந்துவிட்டது.

ஆக, அனாதையும் இல்லை, கருணையும் இல்லை. என் அப்பாவின் மூத்த அக்கா அவர். எனக்கு அத்தை. மதலேனாள் பால் வெட்டியவள், நம்மவர்கள் சொல்லும் ‘நம்ம ஆளு’ கிடையாது. அவள் செத்ததும் தாத்தாவுக்கு வசதியாகப் போயிற்று. கௌரவமான இடத்தில் மறுகல்யாணம் செய்துகொண்டார், பெற்ற மகளை அதே வீட்டில் பாத்திரம் தேய்க்க விட்டார். ஞாயிறு தோறும் பூசையில் நன்மை அப்பத்தை வாயில் வாங்கி, அதே வாயால் அவளை அனாதை என்று சொன்னார். பங்கு அதை மலரில் அச்சடித்துக் கொண்டாடியது. இதை எழுதும்போது என் தாத்தா என்ற மரியாதையெல்லாம் எனக்கு வரவில்லை. அருவருப்புதான் வருகிறது.

ஆனால் தாத்தாவை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. “அங்கிள், இந்தப் பக்கமும் காப்பி வேணுமா?” என்று அந்தப் பெண் கேட்டார். “வேணாம்மா, இது வேற குடும்பம்” என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. திரும்பி வரும்போது சோதனைச் சாவடி வரிசையில் நின்றபடியே உன் பெரியப்பாவுக்கு போன் செய்தேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “தெரியும்டா. அப்பா கடைசி காலத்துல எங்கிட்ட சொன்னாரு. அவதான் செத்துட்டாளே, இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு? டேனிக்கு வேற பொண்ணு பார்த்துக்கிட்டிருக்கோம்” என்றார். உனக்குப் பெண் பார்ப்பதற்காக ஒரு கிழவியைப் பெயரில்லாமல் ஆக்குவது அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. எனக்கும் அன்று படவில்லை. சரி என்று போனை வைத்தேன். அப்புறம் நீயே உனக்குப் பெண்ணைப் பார்த்துக்கொண்டாய், அது வேறு.

நிச்சயதார்த்தத்தில் உன் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களை மாதிரி ஏழு தலைமுறையும் தெரிஞ்ச குடும்பம் இந்தக் காலத்துல எங்க சார் கிடைக்கும்” என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு போட்டோவில் இருக்கிறது, உன் அக்கா ரீட்டா அனுப்பியிருந்தாள். என் முகத்தை நானே பார்க்கச் சகிக்கவில்லை.

போன வருடம் என் அப்பாவின் கல்லறையைத் தோண்டினார்கள். நீ துவாஸில் வேலை என்று வரவில்லை, நானும் பெரியப்பாவும் போனோம். எலும்புகளைப் பொறுக்கி எடுத்தவர்களில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். மிகவும் பதமாக எடுத்தார், மண்ணை ஊதி ஊதி. முடித்ததும் அவர் கண் இரண்டு வரிசை தள்ளியிருந்த ஒரு கல்லறைக்குப் போனது. நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்கிறார். சின்ன சிமெண்டுச் சிலுவை, அதில் ‘செலினா’ என்று மட்டும். “அந்த வரிசைக்கு அடுத்த வருசம்தான் முறை ஐயா. அவங்க உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார். “ஒண்ணும் இல்ல தம்பி. வீட்டுல வேலை செஞ்சவங்க” என்று சொன்னேன். ஜொகூர் பதிவேட்டைக் கண்ணால் பார்த்து ஒரு வருடம் ஆன பிறகு சொன்னேன், டேனி. தெரியாமல் நாற்பது வருடம் அவரை ஏவியதற்காவது ஒரு சாக்கு சொல்லலாம். இதற்கு என்ன சாக்கு சொல்வது?

அப்படியே விட்டிருப்பேன். ரீட்டாதான் விடவில்லை, அவளுக்கே தெரியாமல். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்து, தாலி முடிச்சு போடக் கற்றுக்கொடு என்று உன் அம்மாவை உட்காரவைத்தாள். முதல் முடிச்சு நீ போடுவாய், மற்ற இரண்டும் அவள் போட வேண்டும், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் என்கிற முறையில். கயிற்றை வைத்துக்கொண்டு அம்மாவின் கழுத்துக்குப் பின்னால் தடுமாறிக்கொண்டிருந்தவள், சுவரில் மாட்டியிருக்கும் என் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தைப் பார்த்தாள். பீடத்துக்கு முன்னால் அப்பா நிற்கிறார், அம்மா குனிந்திருக்கிறார், அம்மாவின் பின்கழுத்தில் இரண்டு கைகள். கைகள் மட்டும்தான். அதற்கு மேல் சட்டத்தின் ஓரம் வந்துவிடுகிறது. “அப்பா, எங்க தாத்தாவுக்குக் கூடப்பொறந்தவங்க யாருமே இல்லைன்னு சொன்னீங்க. அப்ப இங்க முடிச்சு போடறது யாரு?” என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து அந்தப் படத்துக்குக் கீழே சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கைகளை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. “யாரோ பக்கத்து வீட்டுக்காரங்க” என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அந்த முடிச்சைப் போட மாட்டார், அது ரீட்டாவுக்கும் தெரியும். மறுநாள் படத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு டெக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் சட்டம் மாட்டும் கடைக்குப் போனேன். கடைக்காரர் பின்பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். “சார், படம் இவ்வளவுதான்னு நெனச்சீங்களா? உள்ள இன்னும் இருக்கு. மடிச்சு வெச்சிருக்காங்க” என்று சொல்லி மடிப்பைப் பிரித்துக் காட்டினார். மடித்த இடம் வெடித்து வெள்ளைக் கோடாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் செலினா. இருபத்தைந்து வயது இருக்கும். தலையில் முக்காடு, நல்ல சேலை. கேமராவைப் பார்க்கவில்லை. முடிச்சு சரியாக விழுகிறதா என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதன் அர்த்தம் உனக்குப் புரிகிறதா? அன்று கோயிலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தாத்தாவுக்கு, என் பாட்டிக்கு, என் அப்பாவுக்கு, பூசை வைத்த சாமியாருக்கு, மலரில் அனாதை என்று எழுதியவருக்கும்கூட. முறை தவறக்கூடாது என்பதற்காக அவரைக் குளிக்கச் சொல்லி, நல்ல சேலை கட்டச் சொல்லி, பீடம் வரைக்கும் அழைத்துப்போய் அக்காவாக நிறுத்தியிருக்கிறார்கள். முடிச்சு விழுந்ததும் மறுபடி சமையலறைக்கு அனுப்பிவிட்டார்கள். போட்டோ வந்ததும் முகத்தை மடித்துவிட்டார்கள். கையை மடிக்க முடியவில்லை, அது அம்மாவின் கழுத்தில் இருந்தது. நான் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்து, “யார் சார் இவங்க?” என்றார். “மடிப்பைப் பிரிச்சு ஒட்டிக் குடுங்க” என்றேன், அவரிடமும் அத்தை என்று சொல்லாமல்.

உனக்கு நினைவிருக்க வாய்ப்பில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நானும் படத்தை மடித்தவன்தான். உனக்கு நான்கு வயது. கிறிஸ்துமஸுக்கு உறவுக்காரர்கள் வீடு நிறைய இருந்தார்கள். நீ சமையலறையிலிருந்து ஓடிவந்து, செலினாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, “பாட்டி, கேக் வேணும்” என்றாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா தொண்டையைச் செருமினார். நான் எழுந்து வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். “பாட்டின்னு யாரைச் சொல்றே? செலினான்னு கூப்பிடு” என்றேன். எழுபதைத் தாண்டிய மனுஷியை நான்கு வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். அவர் உன்னை இழுத்துத் தன் காலோடு அணைத்துக்கொண்டு, “பரவாயில்ல தம்பி, புள்ளைய அடிக்காதீங்க, அதுக்கு என்ன தெரியும்” என்றார். உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அதன் பிறகு நீ அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாய். அடுத்த வருடம் அவர் போய்விட்டார்.

நான் உனக்கு நிறைய உபதேசம் செய்திருக்கிறேன், பாதியைக்கூட நான் கடைப்பிடித்ததில்லை. இப்போது ஒன்றைத்தான் சொல்வேன். குடும்ப மரம் வரைகிறவர்கள் எல்லோரும் மேலே யார் இருந்தார்கள் என்றே தேடுகிறார்கள், பெரிய மனுஷன் ஒருவன் அகப்பட மாட்டானா என்று. நானும் அதைத்தான் செய்தேன். வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிட்டார்கள் என்று யாரும் தேடுவதில்லை. புக்கிட் பாத்தோக்கில் உங்கள் புது வீட்டில் உதவிக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளப் போவதாகவும், பாதுகாப்பு அறையில் ஒரு கட்டில் போட்டால் போதும் என்றும் சொன்னாய். குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிய, ஜன்னல் இல்லாத அறை அது, டேனி. போதுமா என்று அந்தக் கட்டிலில் நீ ஒருநாள் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்.

பெரியப்பாவுக்கு வியாழக்கிழமை விஷயம் தெரிந்து நேற்றே வந்து குதித்தார். “கல்யாண வீட்டுல எலும்பைத் தொடலாமா? சம்பந்தி காதுக்குப் போனா என்ன ஆகும்? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்றார். வாரம் தவறாமல் பூசைக்குப் போகிறவர், நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்கிறவர், அவருக்குத் திடீரென்று தீட்டு ஞாபகம் வந்துவிட்டது. இந்தத் தேதி போனால் செலினாவைக் கடலில்தான் தேட வேண்டும் என்றேன். “கடல்ல போனா என்ன இப்ப?” என்றார். என் கூடப்பிறந்தவர், என் ரத்தம். அவரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். கல்யாணத்துக்கு வராவிட்டால் போகிறார்.

உன் மாமனாரிடம் நானே பேசிக்கொள்கிறேன். நாளை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஏழு தலைமுறையைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் நீ சொல். இதைக் கேட்டு இந்தக் கல்யாணம் ஆட்டம் காணுமானால், அது சனிக்கிழமைக்கு முன்னாலேயே காணட்டும். பலகையை மறுபடி அச்சடிக்க முடியாது என்று கடைக்காரன் சொன்னால், அதை வைக்காதே. இந்த உறையில் அந்தப் படம் இருக்கிறது, மடிப்பைப் பிரித்து ஒட்டிய படம். வாசலில் அது மட்டும் இருந்தால் போதும். சனிக்கிழமை ரீட்டா முடிச்சு போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

கல்லறையில் அந்தப் புதுக்கோட்டைத் தம்பியே இருப்பார் என்று நினைக்கிறேன். என்னை அடையாளம் கண்டால் மறுபடி கேட்பார், அவங்க உங்களுக்கு என்ன வேணும் என்று. உன்னிடமும் கேட்பார். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை, உனக்கு அது நான்கு வயதிலேயே தெரியும். எனக்குத்தான் பழக வேண்டியிருக்கிறது. இன்று காலை உன் அம்மா மார்க்கெட்டுக்குப் போன பிறகு, அந்தப் பழைய ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்று, “எங்க அத்தை” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு கூசியது, டேனி. மறுபடி சொன்னேன். வியாழக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

அப்பா